பெரியம்மாவுக்கும் ஒரு டிக்கெட்

அறக்கட்டளையில் அவளுக்குச் சல்லடையம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று யாரும் மெனக்கெட்டதுமில்லை. ஒரு நாள் அவளே தொலைபேசியை எடுத்து, "சல்லடைதான் பேசுறேன், சொல்லுங்க" என்றபோது எதிர்முனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தணிக்கையாளருக்குப் புரையேறிவிட்டது.

பாதி ஆயுளை ஒரு வங்கியின் கடன் ஆய்வுப் பிரிவில் கழித்தவள். கோழிப்பண்ணைக்குக் கடன் கேட்ட ஒருவர், பண்ணை நிறையக் கோழிகளைக் காட்டிப் பெருமையாக நின்றபோது, இவள் கோழிகளைப் பார்க்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்து தூசி படிந்திருந்தது. "கோழிங்க எல்லாம் விரதமா?" என்று கேட்டாள். அன்று காலைதான் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு வந்த கோழிகள் அவை.

வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்தவளை அந்த அறக்கட்டளை விடவில்லை. தண்ணீர் பம்பு செய்து பெரிய ஆளான ஒரு குடும்பம் நடத்தும் அறக்கட்டளை அது. குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் நிதி கொடுக்கும். கேட்பவர்களை நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வது சல்லடையம்மாவின் வேலை. எங்கே போனாலும் சுவரில் மாட்டிய படங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நேராக ஒரு பிள்ளையிடம் போய், "உன் துண்டு எங்கடா இருக்கு? எடுத்துட்டு வா பாக்கலாம்" என்பாள். ஒரு விடுதியில் அப்படிக் கேட்டபோது அத்தனை பிள்ளைகளும் திருதிருவென விழித்தார்கள். பக்கத்து டியூஷன் வகுப்பிலிருந்து பிஸ்கட் கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளைகள்.

"நீ கடைக்குப் போனா கடைக்காரன் எழுந்திருச்சுத் தராசைத் துடைக்கிறான். இதுல உனக்கு ஒரு பெருமை" என்பார் அவள் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவளின் மேசைக்குத்தான் அந்த விண்ணப்பம் வந்தது.

கேட்டது ஒரு சின்ன அமைப்பு. பெற்றவர்களால் கொஞ்ச காலத்துக்குப் பார்த்துக்கொள்ள முடியாமல் போன குழந்தைகளை, விடுதியில் விடாமல் வேறொரு குடும்பத்தில் தங்கவைப்பார்கள். தத்து கிடையாது. பெற்றவர்களின் நிலைமை சீரானதும் குழந்தை திரும்பிப் போய்விடும். இடைப்பட்ட காலத்தில் அந்த வளர்ப்புக் குடும்பத்துக்கும் பெற்ற குடும்பத்துக்கும் கூடவே நிற்பது அமைப்பின் பணி. அறக்கட்டளை இதுவரை இப்படி எதற்கும் கொடுத்ததில்லை. விடுதிக்குக் கட்டில், பள்ளிக்குக் கழிப்பறை என்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றுக்கே கொடுத்துப் பழகியிருந்தது.

செலவுத் திட்டத்தைப் படித்ததும் அவள் புருவம் ஏறியது. உணவு, உடை, மருந்து எல்லாம் சேர்த்தாலும் பயணச் செலவில் பாதிகூட வரவில்லை. அதிலும் ஒரு குழந்தை தன் தாயைப் பார்க்க வாராவாரம் வேற்றூருக்குப் போகிறது. துணைக்கு ஒரு பெரியவர் போதாதா? இரண்டு பெரியவர்களுக்கு டிக்கெட் கேட்டிருந்தார்கள்.

"ஊர் சுத்துறாங்க" என்றாள் கணவரிடம்.

"யாரு?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அமைப்பின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படி ஏறும்போதே ரப்பர் வாடை கூடவே ஏறியது. அங்கே பொறுப்பில் இருந்தவர் முன்பு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். நர்ஸ் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு வெப்பமானியும் இருந்தது. பழக்க தோஷம் போலும்.

"குழந்தைக்கு வீடு தேடிக் குடுக்குறீங்க. நல்ல விஷயம். அப்புறம் எதுக்கு வாராவாரம் பழைய இடத்துக்கே கூட்டிட்டுப் போறீங்க? புது இடத்துல ஒட்டுமா அது?" என்றாள் சல்லடையம்மா.

"புது வீட்டுல ஒட்டணும்தான் மேடம். ஆனா பழைய வீடு விட்டுப் போகக் கூடாது. ரெண்டும் சேர்ந்து நடக்கணும், அதுதான் எங்க தலைவலி" என்றார் அவர்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு வீட்டைப் பாக்கணும். எந்த வீடுன்னு நான்தான் சொல்வேன். முன்னாடியே போன் பண்ணிச் சொல்லக் கூடாது."

"தாராளமா."

இரண்டு டிக்கெட் கேட்டிருந்த வீட்டையே அவள் கேட்டாள். நர்ஸ் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "அங்கயா? அந்தக்காகிட்ட நீங்க கேள்வி கேக்குறதுக்குள்ள அவங்க உங்களைக் கேட்டு முடிச்சுடுவாங்க" என்றார்.

அது ஓர் அழகு நிலையம். வீட்டின் முன்னறையே கடை. ஒரு பெரிய கண்ணாடி, ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. தெருவே அவளைப் பார்லரக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பதை நெருங்கும் வயது. முடியில் செம்பட்டைச் சாயம், நகங்களில் பத்துக்குப் பத்தும் வெவ்வேறு நிறம். தியாகச் சுடர் ஒன்றை எதிர்பார்த்து வந்த சல்லடையம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. பார்லரக்காவோ வந்தவள் யாரென்று கேட்கும் முன்பே நாற்காலியைத் தட்டிவிட்டு, "உக்காருங்க. புருவத்தை இப்படிக் காடு மாதிரி விட்டு வெச்சிருக்கீங்களே, வீட்டுல யாரும் சொல்றதில்லையா?" என்றாள்.

நர்ஸ் அண்ணன் விவரம் சொன்னார்.

"ஓ, காசு குடுக்குறவங்களா? அப்ப கண்டிப்பா உக்காருங்க. சிட்டு, அந்த ஃபேனைப் போடு."

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். ஐந்து வயதிருக்கும். கையில் பஞ்சை உருட்டி உருட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு மீண்டும் பஞ்சுக்கே போனாள்.

சல்லடையம்மா தன் வழக்கமான வேலையைக் காட்டினாள். "பாப்பா, உன் துண்டு எங்க இருக்கு?"

சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தத் துண்டு? குளிக்கிறதா, தலை துவட்டுறதா? குளிக்கிறது பெரியப்பா நனைச்சுட்டாரு. தலை துவட்டுறதுல பூனை படுத்திருக்கு" என்றாள்.

இந்தப் பதிலை எந்த ஏமாற்றுக்காரனாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. சல்லடையம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சிட்டுவின் கதையைப் பார்லரக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பெற்றவள் சின்ன வயசுக்காரி. ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. கணவன் விபத்தில் போனபின், காதில் யாரோ பேசுவது போலக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் பேருந்து நிலையத்தில் பிள்ளையை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கேயே இரு, அவங்க உன்னைத் தேடுறாங்க, நான் அவங்களை வேற பக்கம் இழுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள். யாரும் தேடவில்லை. அவள் மனதுக்குள் இருந்த யாரோ. இப்போது வேற்றூரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சிகிச்சையில் இருக்கிறாள்.

"விட்டுட்டு ஓடிட்டான்னு ஊர் சொல்லுது. எனக்கு அப்படித் தோணலை மேடம். புத்தி கலங்கிப்போன நேரத்துலயும் பிள்ளையக் காப்பாத்தத்தானே ஓடியிருக்கா?" என்றாள் பார்லரக்கா.

சொந்தமாக அவளுக்கு ஒரு மகன் உண்டு. கல்யாணமாகித் தனியே போய்விட்டான். அதன்பிறகு, சிட்டுவுக்கு முன்னால், மூன்று குழந்தைகள் இந்த வீட்டுக்கு வந்து தங்கித் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"அனுப்பும்போது கஷ்டமா இருக்காதா?"

"இருக்காதான்னா? கடையைப் பூட்டிட்டுப் படுத்துருவேன். எங்க வீட்டுக்காரர்தான் சமைப்பாரு. அது அதைவிடக் கஷ்டம். அதுக்காகவே எழுந்துடுவேன்."

"அம்மான்னு கூப்பிடச் சொல்லலையா?"

பார்லரக்கா சீப்பைக் கீழே வைத்தாள். "நான் அம்மான்னா அவ அம்மா யாரு? ஆன்ட்டின்னு கூப்பிட்டா நான் யாரோ. பெரியம்மான்னு கூப்பிட்டா பாருங்க, அவளைப் பெத்தவ எனக்குத் தங்கச்சி ஆயிடுறா. யாரும் யாரையும் தள்ளிவிட வேண்டியதில்லை. எல்லாருக்கும் உக்கார இடம் கெடச்சுருது."

சல்லடையம்மா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்த சொந்தம் ஒரு சொட்டு இல்லாத, அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பெண்களை ஒரே சொல்லில் அக்கா தங்கையாக்கி வைத்திருக்கிறாள் இவள். பிறந்ததிலிருந்து வாயில் புழங்கும் சொல். அதற்குள் இவ்வளவு இடம் இருப்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

ஆனாலும் டிக்கெட் விஷயம் பாக்கி இருந்தது. "சனிக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

ரயிலில் பார்லரக்காவின் கணவரும் வந்தார். லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். மனைவி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்தே பேச்சு மறந்துவிட்டது என்று அவரே சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்த சிட்டு வழியெல்லாம் மாடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணிக்கை தெரியாத இடத்தில் "நிறைய" என்றாள்.

ஊர் வந்ததும் சல்லடையம்மா எதிர்பாராத ஒன்று நடந்தது. மெக்கானிக்கும் சிட்டுவும் இல்லத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் ஊஞ்சலுக்குப் போய்விட்டார்கள். பார்லரக்கா மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். "நீங்க என்கூட வாங்க மேடம்."

உள்ளே பின்கட்டில் ஒரு தண்ணீர்க் குழாய், அதன் பக்கத்தில் ஸ்டூல். அதில் ஓர் இளம்பெண் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். பார்லரக்காவைக் கண்டதும், "வந்துட்டியாக்கா" என்றாள். மருந்தின் வேகத்தில் சொற்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன.

பார்லரக்கா பையைத் திறந்தாள். ஷாம்பு, சீப்பு, எண்ணெய், சின்னக் கத்தரி, கைக்கண்ணாடி. தங்கையின் தலையைத் தன் முழங்கையில் சாய்த்து வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே தெருக் கதை பேசினாள். யாருடைய மகளுக்குக் கல்யாணம், யார் முடிக்குச் சாயம் போட்டுவிட்டு ஒவ்வாமல் போய்ச் சண்டைக்கு வந்தார்கள், சிட்டு பள்ளியில் யாரைக் கடித்தாள். தலையைத் துவட்டி, சிக்கெடுத்து, பின்னி, முகத்தைத் துடைத்து, உதட்டுக்குக் கொஞ்சம் பளபளப்பு. கடைசியில் கைக்கண்ணாடியை நீட்டினாள். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"முதல் தடவை சிட்டு பயந்துட்டா மேடம்" என்றாள் பார்லரக்கா, பையை மூடியபடி. "முடியெல்லாம் சடையாகிக் கிடந்துச்சு. பிள்ளை அலறிக்கிட்டு என் பின்னாடி ஒளிஞ்சிருச்சு. அதைப் பாத்த இவ மூஞ்சி இருக்கே, அதை நான் இன்னொரு தடவை பாக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். அன்னையிலிருந்து நான் முன்னாடி வந்து இவளைத் தயார் பண்ணுவேன். அதுவரைக்கும் சிட்டுவை வெளிய யாராவது வெச்சிருக்கணும்ல?"

இரண்டாவது டிக்கெட் இதுதான்.  காய்ந்த தொட்டிகளையும் வாடகைக் கோழிகளையும் கண்டு கண்டு பழகியது சல்லடையம்மாவின் கண். சந்தேகப்பட்ட இடத்தைத் தோண்டினால் எப்போதும் பொய்தான் கிடைக்கும். இங்கே தோண்டிய இடத்தில் இப்படி ஒன்று கிடைத்ததை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

சிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "பெரியம்மா எனக்கும் இப்படித்தான் போடுவா" என்றாள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். பேச்சு அதிகமில்லை. சிட்டு முற்றத்தில் ஒரு பூனையைப் பார்த்துத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

குழாயடியின் சிமெண்ட் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தாள். முகவாய் பிளந்து இரத்தம்.

"பெரியம்மா!" என்ற அலறலோடு எழுந்து, நேரே பார்லரக்காவை நோக்கி ஓடி வந்தாள்.

பார்லரக்கா பாதி எழுந்துவிட்டாள். அப்படியே நின்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா பக்கத்துலயே இருக்காளேடா தங்கம். அம்மாகிட்ட காட்டு."

சிட்டுவின் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரத்தத்தைப் பார்த்துச் சிலையாக நின்றாள்.  சல்லடையம்மா தன் கைக்குட்டையை உருவிக்கொண்டு எழுந்தேவிட்டாள். மெக்கானிக் குறுக்கே வந்து, "கொஞ்சம் இருங்க மேடம்" என்றார்.

"தங்கச்சி" என்றாள் பார்லரக்கா. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே சாதாரணக் குரல். "குழாயைத் திற."

அந்தப் பெண் திறந்தாள்.

"முதல்ல உன் கையைக் கழுவு. ஆங். துண்டு அந்தப் பையில இருக்கு, நனைச்சுக்கோ. சிட்டு, அம்மா மடியில உக்காரு. மெதுவா ஒத்து. அழுத்தாதே. அப்படித்தான்."

நடுங்கும் கைகள் காயத்தை ஒற்றின. தண்ணீர் சிட்டுவின் கழுத்தில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. சிட்டு பெரியம்மாவையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அடுத்து என்ன செய்வதென்று பார்லரக்கா சொல்ல வாயெடுக்கும் முன், அந்தப் பெண் குனிந்து, யாரும் சொல்லாமலேயே, காயத்தின்மேல் ஃபூ என்று ஊதினாள்.

சிட்டுவின் அழுகை நின்றது. முகம் மெல்லத் திரும்பியது.

"இன்னும் ஊதும்மா" என்றாள்.

அந்தப் பெண் ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் கொட்டியது, அதைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. 

சல்லடையம்மா பார்லரக்காவின் பின்னால் நின்றிருந்தாள். அதனால் வேறு யாரும் பார்க்காததை அவள் பார்த்தாள். பற்றியிருந்த மணிக்கட்டில் அந்த வண்ண நகங்கள் பதிந்து, பிறைபிறையாகச் சிவந்திருந்தது. மனிதர்கள் பணத்தை விட்டுக்கொடுத்து அவள் பார்த்திருக்கிறாள். நிலத்தை, உரிமையை விட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறாள். ஓடி வரும் பிள்ளையின் அணைப்பை ஒருத்தி அந்தக் கணத்திலேயே இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுப்பதை அன்றுதான் பார்த்தாள். 

காயத்துக்கு இல்லத்து மருத்துவர் தையல் போடும்போதும் சிட்டு அம்மாவின் மடியில்தான் இருந்தாள்.

திரும்பும் ரயிலில் சிட்டு மெக்கானிக்கின் மடியில் தூங்கிப்போனாள்.  சல்லடையம்மா, "எப்படிங்க முடிஞ்சுது உங்களால?" என்று கேட்டாள்.

"எங்க முடிஞ்சுது? உயிரே போயிருச்சு" என்றாள் பார்லரக்கா. "அவ விழுந்தப்ப எனக்குத்தான் அடி. ஆனா நான் தூக்கிட்டேன்னா, நாளைக்கு இவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது பிள்ளை விழுந்தா அவ என்ன பண்ணுவா? என்னால முடியும்ங்கிற தைரியம் அவளுக்கு வரணும்ல. அதை நான் எங்க போய் வாங்கிக் குடுக்க?" கொஞ்சம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை கடைக்கு வாங்க மேடம். அந்தப் புருவத்தைப் பாக்கச் சகிக்கலை" என்றாள்.

"நாங்க யார்கிட்டயும் எதுவும் சும்மா வாங்கிக்கக் கூடாது."

"சும்மாவா? யாரு சொன்னா? காசு எடுத்துட்டு வாங்க."

மெக்கானிக் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, ஊர்தான் சுத்துறாங்களா?" என்று கணவர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி பேச வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு, அவள் தட்டை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் தலைவியும் தணிக்கையாளரும் இருந்தார்கள். சல்லடையம்மா பார்த்ததையெல்லாம் அவர்களிடம் சொல்லி முடித்தாள். தலைவி பம்பு முதலாளியின் மகள். ஆலையையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தணிக்கையாளர் நல்ல மனிதர். அடுத்தவர் பணத்தைத் தன் பணத்தைவிடக் கவனமாகப் பார்ப்பவர்.

"நம்ம நிதி குழந்தைகளுக்கு. அந்தம்மா குழந்தைக்குச் சொந்தம்கூட இல்லை. தலைவாரி விடுறது ஒரு பெரிய மனுஷிக்கு. இதை எந்தத் தலைப்புல நான் எழுதுறது?" என்றார் அவர்.

"குழந்தையோட செலவுன்னே எழுதுங்க சார். அந்தப் பிள்ளைக்கு வேணுங்கிறது அவ அம்மா. அந்த அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமா மீட்டுக் குடுக்குறாங்க. கட்டில் வாங்கிக் குடுத்தா நாம ரசீது பாத்துக்கலாம். இதுக்கு ரசீது கெடைக்காது" என்றாள் சல்லடையம்மா.

"சரி, கேக்க வேண்டியதைக் கேட்டுடுறேன். அந்தத் தாய் குணமாகலைன்னா?"

சல்லடையம்மா யோசித்தாள். "எனக்குத் தெரியாது" என்றாள்.

அறையில் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை.

"பாங்க்ல இருந்திருந்தா இந்தக் கடனை நான் குடுத்திருக்கவே மாட்டேன். திரும்பி வரும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. ஆனா இது கடன் இல்லையே. இந்த வேலை ஒரு வருஷத்துல முடியுறதும் இல்லை. பாதியில நாம கையை எடுத்துட்டா அந்தப் பிள்ளை மறுபடியும் அதே பெஞ்சுலதான் உக்காந்திருக்கும். அவங்க ஒரு வருஷத்துக்குத்தான் கேட்டிருக்காங்க. மூணு வருஷத்துக்குக் குடுக்கலாம்னு நான் சொல்றேன்."

நிதியை எப்போதும் குறைத்தே பழகியவள், கேட்டதைவிடக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறாள். தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றாள் சல்லடையம்மா. தலைவி திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. சிட்டுவின் அம்மா தேறினாள், மருந்தை நிறுத்தினாள், மீண்டும் விழுந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் யாரையும் பார்க்க மாட்டேன் என்றாள். அப்போதும் பார்லரக்கா பையோடு போய், மூடிய கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுத் தெருக் கதை பேசிவிட்டு வந்தாள். கதவு ஒரு நாள் திறந்தது. நர்ஸ் அண்ணன் மாத்திரைகளுக்கு வழி செய்தார், ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்துக் கொடுத்தார், பார்லருக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையைப் பிடித்தார். சிட்டு முதலில் ஒரு பகல் அங்கே இருந்தாள், பிறகு ஓர் இரவு, பிறகு வாரக் கடைசிகள்.

முழுதாகப் போகும் நாளில் சல்லடையம்மாவும் வந்திருந்தாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சிட்டு பையைத் தூக்கிக்கொண்டு அம்மா கையைப் பிடித்து இறங்கினாள். தெருமுனை வரை போய்விட்டு ஓடி வந்தாள். பூனைக்குச் சொல்ல மறந்துவிட்டதாம். சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். "அக்கா, வரேன்" என்றாள் அவள் அம்மா. "வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தே, நடக்குறது வேற" என்றாள் பார்லரக்கா. இருவரும் கண் மறைந்ததும் ஷட்டரை இழுத்து மூடினாள்.

சில நாள் கழித்துச் சல்லடையம்மா வந்து பார்த்தாள். ஷட்டர் மூடியே இருந்தது. பக்கவாட்டுக் கதவைத் தட்டியதும் மெக்கானிக் திறந்தார். பார்லரக்கா நாற்காலியில் தலைகலைந்து உட்கார்ந்திருந்தாள். நகங்களில் ஒரு சாயமும் இல்லை. "இந்த வீட்டுல சத்தமே இல்லை மேடம். அதான் தாங்கலை" என்றாள். சல்லடையம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மெக்கானிக் தேநீர் போட்டு வந்தார். வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் இருவரும் குடித்தார்கள்.

அப்போது தொலைபேசி அடித்தது. நர்ஸ் அண்ணன்.

"இந்த மாசம் என்னைக் கூப்பிடவே கூப்பிடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று எடுத்த எடுப்பில் சீறினாள் பார்லரக்கா. "என்னால முடியாது. நானும் மனுஷிதான். வேற வீடு பாருங்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ரெட்டையா?" என்றாள்.

இன்னும் கொஞ்சம் கேட்டாள். "பெத்தவ எப்படி இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சுதா? அவளை யாரு பாத்துக்குறாங்க? சரி சரி, அழாதேன்னு சொல்லுங்க, அக்கா இருக்கேன்னு சொல்லுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே ஏணியைத் தேடிப் போயிருந்தார். பால் பாட்டில்களும் தொட்டில் கம்பியும் பரணில் எந்த மூலையில் இருக்கின்றன என்பதில் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் மூண்டது. சல்லடையம்மா கைப்பையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போய், மெக்கானிக் ஏறியதும் ஆடிய ஏணியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.